நிறமில்லாத நீலம்

உள்ளே அடிக்கிற சத்தம் சட்டென்று நின்றது.

"அப்பாடா" என்றேன் நான்.

"என்ன அப்பாடா?" அத்தை என்னை முறைத்தார். "அடி விழுற வரைக்கும் பையன் நான் செய்யலைன்னு சொல்லிட்டு இருக்கான்னு அர்த்தம், மாப்ளே. நின்னுபோச்சுன்னா ஒண்ணு மயங்கிட்டான், இல்ல ஒத்துக்கிட்டான்."

முப்பது வருடம் காக்கி போட்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அத்தை என்றால் என் மாமியார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே துப்பறியும் நிறுவனம் ஒன்றை ஆரம்பித்துவிட்டார். நிறுவனம் என்பது அவர், ஒரு மேசை, நான். கார் ஓட்டுவது, குறிப்பெடுப்பது, திட்டு வாங்குவது என் பொறுப்பு. பெண்ணைக் கொடுத்தவர் என்பதால் ராஜினாமா செய்யவும் வழியில்லை.

காவல் நிலையத்தின் பெஞ்சில் வாட்ச்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். எங்களை வரச் சொன்னவர் அவர்தான். காலை பதினொரு மணிக்கு அவருடைய கணவரை, சொந்தக் கடைக்குள்ளேயே மண்டையைப் பிளந்து கொன்றிருந்தார்கள். ஒரு மணிக்கு இந்த அம்மாவின் தம்பியைப் போலீஸ் பிடித்தது. இப்போது மணி நாலு. கணவர் பிணவறையில், தம்பி பக்கத்து அறையில். அந்த அம்மாவுக்கு எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று தெரியவில்லை. அழாமலே இருந்தார்.

உள் அறையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். சட்டையின் அக்குள் நனைந்திருந்தது. ஒரு காலத்தில் அத்தையிடம் வேலை கற்றவர். அத்தையைப் பார்த்ததும் கை தானாக சல்யூட்டுக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"கேஸ் முடிஞ்சுது மேடம். பையன் ஒத்துக்கிட்டான். ரைட்டர், மேடத்துக்கு அந்தப் பேப்பரைக் குடுங்க."

ரைட்டர் என்பவர் நிலையத்தில் எழுத்து வேலை முழுவதையும் பார்க்கிற ஏட்டு. ஐம்பது வயது, நரைத்த, ஒழுங்காக வெட்டப்பட்ட மீசை. முத்து முத்தான கையெழுத்து. காகிதத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார். அத்தை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"'என் அக்காள் வீட்டுக்காரர் நீலக்கல் மோதிரத்தைத் திருப்பிக் கேட்டதால் ஆத்திரமடைந்து, மேசைமேல் இருந்த சுத்தியலால் அவரது வலது காதுக்குப் பின்னால் ஓங்கி அடித்தேன். கவிழ்ந்து விழுந்தவரை மேலும் இரண்டு முறை அடித்தேன். சுத்தியலை வாட்ச் துடைக்கும் தோல்துணியில் சுற்றி, சுவர்க்கடிகாரப் பெட்டிக்குள் பெண்டுலத்துக்குப் பின்னால் வைத்தேன்.'" நிமிர்ந்தார். "மோதிரம்தான் காரணம்னு எப்படிப் பிடிச்சீங்க?"

"செத்தவரே சொல்லிட்டுப் போயிருக்கார் மேடம்" என்றார் ரைட்டர் பணிவாக. "பக்கத்துக் கடை டைலரம்மா மடியிலதான் உயிர் போச்சு. கடைசியா 'நீலக்கல், நீலக்கல்'னு ரெண்டு தடவை சொல்லியிருக்கார். அந்தம்மா வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன். மத்தியானம் சேதி கேட்டுக் கடைக்கு ஓடிவந்தான் இந்தப் பையன். பார்த்தா அவன் விரல்லயே நீலக்கல் மோதிரம்."

"அது நான் குடுத்ததுங்க!" வாட்ச்காரர் மனைவி எழுந்துவிட்டார். "இன்னைக்கு அவனுக்கு வேலைக்கு நேர்காணல். வெறுங்கையோட போறானேன்னு நேத்து ராத்திரி நான்தான் கழட்டிப் போட்டு விட்டேன். அவரும் பக்கத்துலதான் நின்னாரு."

"அக்கான்னா தம்பிக்காக அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மோதிரம் ஒரு பிளாஸ்டிக் உறையில் மேசைமேல் இருந்தது. ஆழ்ந்த நீலம். அழகாகத்தான் இருந்தது. அத்தை அதை வெளியே எடுத்தார். தன் சாவிக்கொத்தில் தொங்கிய நகவெட்டியைப் பிரித்தார். அதில் இருந்த சின்ன அரத்தால் கல்லின் முகத்தில் ஒரே இழு இழுத்தார்.

"மேடம்! அது எவிடென்ஸ்!"

"மறைவா வேற எதுவும் செய்யலையே. உங்க முன்னாடிதானே கீறினேன்."

கல்லின் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று விழுந்திருந்தது.

"இரும்பு அரத்துக்கெல்லாம் நீலக்கல் அசையாது. வைரம்தான் கீறணும். இது கண்ணாடி" என்றார் அத்தை. வாட்ச்காரர் மனைவியிடம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அந்த அம்மாவின் முகத்தில் வெட்கம் போல ஏதோ ஓடி மறைந்தது. "தெரியும். கல்யாணத்தப்போ அவர் கையில ஒண்ணும் இல்ல. ஒரு நீலக் கண்ணாடித் துண்டை அவரே தேச்சு, அவரே கட்டிக் குடுத்தாரு. 'உன் மோதிரத்தை எந்தத் திருடனும் தொடமாட்டான்டி'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

அத்தை மோதிரத்தை உறைக்குள் போட்டார். "தன் கையால தேச்ச கண்ணாடியை, உயிர் போற நேரத்துல ஒருத்தன் நீலக்கல்னு சொல்லுவானா, இன்ஸ்பெக்டர்?"

இன்ஸ்பெக்டர் பதில் சொல்வதற்குள் ரைட்டர் சொன்னார்: "பையனுக்கு அது கண்ணாடின்னு தெரியணுமே மேடம். நிஜக் கல்லுன்னு நெனச்சுத்தானே குடுக்க மாட்டேன்னிருப்பான்."

புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். அத்தையும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு உள் அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

போயிருக்க வேண்டாம். பையன் சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். உள்ளங்கால் இரண்டும் புளித்த மாவு போல உப்பியிருந்தன. ஒரு கண் இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு வீக்கம்தான் இருந்தது. மறு கண் கோடாகத் திறந்தது. நேர்காணலுக்காகப் போட்ட வெள்ளைச் சட்டையில் மார்பு வரை ரத்தம்.

"தம்பி, சுத்தியலை எங்கப்பா வச்சே?" அத்தை அவன் அருகே குந்தினார்.

"எந்தச் சுத்தியல்?"

"பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கியே."

"படிக்கலைங்க. கண்ணு தெரியலை. போட்டாத் தண்ணி தர்றேன்னாங்க." உதட்டை நாக்கால் தடவினான். "இன்னும் தரலை."

அத்தையே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்ததில் பாதி ரத்தமாக வழிந்தது. நான் கைக்குட்டையால் அவன் மோவாயைத் துடைத்தேன்.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டரிடம் அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. "கடையை நான் பார்க்கணும்."

"தாராளமா. சீல் வச்சிருக்கு. சாவி ரைட்டர்கிட்டதான். எப்படியும் அந்தச் சுத்தியலை இப்ப எடுக்கணும். ரைட்டர், நீங்களே கூட்டிட்டுப் போங்க. அரை மணியில நானும் வர்றேன்."

* * *

வாட்ச் கடையும் தையல் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு பெட்டிகள். ரைட்டர் சீலை உடைத்துக்கொண்டிருக்கும்போது அத்தை தையல் கடைக்குள் நுழைந்தார்.

டைலரம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மடியில் பட்டிருந்த ரத்தத்தைக் கழுவி உடை மாற்றியிருந்தார். நகக்கண்களில் மட்டும் கறுப்பாக மிச்சம் இருந்தது.

"மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க, ஒண்ணும் கேக்கலை. நூல் மாத்த நிறுத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிராண்டுற சத்தம். பூனைன்னுதான் நெனச்சேன். போய்ப் பார்த்தா அண்ணன் வாசப்படி வரைக்கும் ஊர்ந்து வந்து கிடக்காரு. பின்னந்தலையே இல்ல..." இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க. அர்த்தம் வேண்டாம்."

"'சஃபையர்... சஃபையர் பாருங்க'ன்னாரு. அவ்வளவுதான்."

"நீலக்கல்னு சொல்லலையா?"

"அது என்னமோ எனக்குத் தெரியாதுங்க. நான் சஃபையர்னுதான் சொன்னேன். அந்த ரைட்டர் சார்தான், 'சஃபையர்னா நீலக்கல்மா, நல்ல தமிழ்லயே எழுதிக்கிறேன்'னாரு. படிச்சவரு, சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டேன்."

வெளியே வந்ததும் நான் அத்தையின் காதைக் கடித்தேன். "சஃபையர்னா நீலம்தானே அத்தை? டிக்‌ஷனரியில அப்படித்தான் போட்டிருக்கு."

"டிக்‌ஷனரியில உங்க பேருக்கு நேரா கூட மாப்பிள்ளைன்னுதான் போட்டிருக்கும். அதுக்காக நீங்க புது மாப்பிள்ளை ஆயிட முடியுமா?" அத்தை நடந்துகொண்டே பேசினார். "மாணிக்கமும் சஃபையரும் ஒரே கல்லுதான் மாப்ளே. சிவப்பா இருந்தா மாணிக்கம்னு பேரு. மத்தபடி நீலமோ மஞ்சளோ, எந்த நிறமா இருந்தாலும் சஃபையர். நிறமே இல்லாமலும் இருக்கும்."

"நிறமே இல்லாத நீலக்கல்லா? என் பேங்க் பாலன்ஸ் மாதிரியா?"

"உங்க கையில கட்டியிருக்கீங்களே, அது மேல என்ன இருக்கு?"

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கக் கீறல். "கண்ணாடி."

"உங்களுது கண்ணாடி. விலை கூடின வாட்ச்ல?"

சொல்லி முடிப்பதற்குள் கடை வாசலுக்கு வந்துவிட்டோம். ரைட்டர் ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கி எங்களுக்காகக் காத்திருந்தார். குனிந்து உள்ளே போனோம்.

வாட்ச் கழுவுகிற பெட்ரோல் வாடையும் காய்ந்த ரத்த வாடையும் கலந்து மூக்கில் ஏறின. தரையில் மேசையிலிருந்து வாசல் வரை ஒரு பழுப்புப் பட்டை. அதன் ஓரங்களில் ஐந்து விரல் தடங்கள் திரும்பத் திரும்ப இருந்தன. அந்த மனிதர் எவ்வளவு தூரத்தை எவ்வளவு கஷ்டப்பட்டுக் கடந்திருக்கிறார் என்பதை அவற்றை வைத்தே எண்ணிவிடலாம். சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரங்கள் எல்லாம் வெவ்வேறு மணி காட்டின.

ரைட்டர் நேராகப் பெரிய சுவர்க்கடிகாரத்திடம் போனார். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அதன் கதவைத் திறந்தார். பெண்டுலத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தோல்துணிச் சுருட்டலை எடுத்தார். பிரித்தார். அரைக் கிலோ சுத்தியல். அதன் தலையில் முடி ஒட்டியிருந்தது.

"பையன் எழுதிக் குடுத்த அதே இடம்" என்றார்.

அந்தப் பையன் எங்களையும் ஏமாற்றிவிட்டான். கொன்றவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் இந்த இடம்?

அத்தை சுத்தியலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசைக்கு மேலே வரிசையாக இருந்த சின்ன மர இழுப்பறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒவ்வொன்றிலும் வாட்ச்காரரின் கையால் எழுதி ஒட்டிய சீட்டு. முள். திருகு. ஸ்பிரிங். கண்ணாடி.

"மாப்ளே, கடைசி சீட்டைப் படிங்க."

குனிந்தேன். "சஃபையர்."

"திறங்க."

திறந்தேன். காலி. மற்ற இழுப்பறைகள் எல்லாம் பிதுங்கிக்கொண்டிருந்தன. இதில் தூசி படியாத சதுரம் ஒன்று மட்டும் இருந்தது. ஒரு சின்னக் காகித உறை படுத்திருந்த இடம். விளிம்பில் பழுப்பாக ஒரு பெருவிரல் தீற்றல்.

"பாவம், வாட்ச்காரர் சுத்தமான ஆளு" என்றார் அத்தை. யாரிடமோ பேசுவதுபோல இருந்தது. "சஃபையர்னா அவருக்கு நகை இல்ல, விலை கூடின கைக்கடிகாரத்தோட மேல்கண்ணாடி. கீறல் விழாது, ஆனா கீழே போட்டா விளிம்பு உடையும். இவ்வளவு சின்னக் கடைக்கு அந்த மாதிரி வாட்ச் எப்பவாவது ஒண்ணுதான் வரும். காலையில ஒண்ணு வந்திருக்கு. உடைஞ்ச கண்ணாடியை எடுத்து உறையில போட்டு இங்க வச்சிருக்கார். அதைப் பாருங்கன்னுதான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊர்ந்தார். சரி, அவர் சொன்னப்போ இங்க இருந்த உறை இப்ப எங்கே? கடைக்குத்தான் சீல் வச்சாச்சே, சாவி உங்ககிட்ட. பையனோ ஒரு மணியிலேருந்து உங்க ஸ்டேஷன்ல உதை வாங்கிட்டு இருக்கான்."

ரைட்டர் சுத்தியலைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"டைலரம்மா சஃபையர்னு சொன்னாங்க. நீங்க நீலக்கல்னு எழுதினீங்க. வாக்குமூலம் எழுதுறவன் காதுல விழுந்ததை அப்படியே எழுதணும், முப்பது வருஷம் எழுதின உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. அர்த்தம் தெரியாதவன் சஃபையர்னே எழுதியிருப்பான், ரைட்டர். அது வாட்ச் கண்ணாடின்னு தெரிஞ்சவன்தான் நீலக்கல்னு மாத்தி எழுதுவான்."

"மேடம், பையனோட வாக்குமூலத்துல சுத்தியல் இருக்கிற இடம்..."

"அதேதான் நானும் சொல்ல வந்தேன். அந்தப் பையனால அதைப் படிக்கக்கூட முடியலை. எழுதினது உங்க கை. அது அவனோட வாக்குமூலம் இல்ல. உங்களோடது."

ரைட்டர் காலால் ஷட்டரை ஓங்கி மிதித்தார். அது தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது.

இருட்டு இல்லை, மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதனால் சுத்தியல் வருவது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அத்தையின் தலையைக் குறிவைத்து வந்தது. நான் வீரன் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் கையை நீட்டினேன். முன்கை எலும்பு முறிகிற சத்தம் வலிக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல.

நான் விழுந்தேன். அவர் என்னைத் தாண்டினார். இரண்டாவது வீச்சு அத்தையின் தோளை உரசி இழுப்பறைகளில் இறங்கியது. நூறு வாட்ச் முட்கள் மழைபோலக் கொட்டின. அத்தை மேசையிலிருந்த பெட்ரோல் கிண்ணத்தை எடுத்து அவர் முகத்தில் வீசினார். அவர் கத்தினார், கண்ணைத் திறக்காமலே அத்தையின் கழுத்தை ஒரு கையால் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினார். மறு கையில் சுத்தியல் மெல்ல மேலே போனது. அத்தையின் செருப்பு தரையில் உதைத்துக்கொண்டது. நான் நல்ல கையால் அவர் காலைக் கட்டிக்கொண்டு ஆடுதசையில் பல்லைப் பதித்தேன். விடாமல் கடித்தேன். வாயில் உப்பு.

ஷட்டர் மேலே ஏறியது. வெளிச்சத்தோடு டைலரம்மா உள்ளே வந்தார். கையில் இஸ்திரிப்பெட்டி, பிடுங்கிய ஒயர் பின்னால் தரையில் இழுபட்டு வந்தது. சுத்தியல் பிடித்திருந்த புறங்கையில் அதை அப்படியே வைத்து, சட்டைக் காலர் மடிப்பைத் தேய்ப்பதுபோலச் சுவரோடு அழுத்தினார்.

அந்த அலறலை இன்னொரு முறை கேட்க நான் விரும்பவில்லை. சுத்தியல் விழுந்தது. ரைட்டரும் விழுந்தார். அத்தை இருமிக்கொண்டே அவர் முதுகில் முழங்காலை ஊன்றி, அவருடைய பெல்ட்டாலேயே கைகளைக் கட்டினார்.

"காலையிலேருந்து இவர் டியூட்டி. வீட்டுக்குப் போகலை" என்று கரகரத்தார். "அப்ப சாமான் ஆளு மேலதான் இருக்கணும். பைகளைப் பாருங்கம்மா."

டைலரம்மாதான் பார்த்தார். பேன்ட்டின் உள்பையில், மேல் கண்ணாடி இல்லாத ஒரு கைக்கடிகாரம். சட்டைப்பையில் ஒரு காகித உறை. அதற்குள் நிறமே இல்லாத ஒரு வட்டத் தகடு, விளிம்பில் பிறைபோல ஓர் உடைசல். உறையின்மேல் வாட்ச்காரரின் எழுத்து: 'சஃபையர். இன்ஜினியருடையது. நான் போட்டது.'

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது ரைட்டர் தரையில் கன்னத்தை வைத்தபடி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரை அடிக்கவில்லை, கேட்கக்கூட இல்லை. ஆறு வாரத்துக்கு முன் ஓர் இன்ஜினியர் லாரி மோதிச் செத்தார். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதியபோது ரைட்டர் அதன் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றிக்கொண்டார். இன்ஜினியரின் மனைவி அதைக் கேட்டு மூன்று முறை நிலையத்துக்கு வந்து அழுதிருக்கிறார். மூன்று முறையும் மனுவை எழுதி வாங்கிக்கொண்டது இவர்தான். போன வாரம் கைதவறி விழுந்து அதன் கண்ணாடி உடைந்தது. பெரிய கடைக்குப் போனால் கேள்வி வரும் என்று இந்தச் சின்னக் கடைக்கு வந்தார். அந்த வாட்ச்சுக்கு முன்பு சஃபையர் போட்டவரே இந்த வாட்ச்காரர்தான் என்பது அவருக்குத் தெரியாது.

"திரும்ப வாங்கப் போனேன். 'சார், இது இன்ஜினியர் வாட்ச் ஆச்சே, எங்க கிடைச்சுது? அந்தம்மாவுக்குப் போன் போட்டா சந்தோஷப்படுவாங்க'ன்னான்" என்றார் ரைட்டர். "சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். சந்தேகமே படலை. போனை எடுக்கத் திரும்பினான்."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். விரல் முட்டிகள் தோல் உரிந்திருந்தன.

* * *

ஆறு மணிக்குப் பையனை விட்டார்கள். அக்காவின் தோளில் தொங்கிக்கொண்டு வெளியே வந்தான். இன்ஸ்பெக்டர் அவனுடைய செருப்பைத் தானே எடுத்து வந்தார். மாட்டி விடலாம் என்று அவன் முன்னால் குனிந்தார். குனிந்த வேகத்தில் பையன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கினான்.

இன்ஸ்பெக்டர் அப்படியே நின்றார். அந்த அம்மா அவர் கையிலிருந்து செருப்பை வாங்கிக்கொண்டார். "அவனுக்குச் சேராதுங்க, வீங்கியிருக்கு" என்றார், ஏதோ கடைக்காரரிடம் சொல்வதுபோல. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. புருஷன் பெயரைச் சொல்லித்தான் அழுதார்.

ஆஸ்பத்திரியில் எனக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். அத்தை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. மூன்று மணி நேரமாக அவர் என்னைத் திட்டவில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது.

"என்ன அத்தை, ஜெயிச்சுட்டோம். ஒரு கை போனாலும் உங்க பொண்ணுகிட்ட எனக்கு மரியாதை வந்திருக்கு. ரெண்டு பாத்திரம் கம்மியாத் தேய்க்கலாம்."

அவர் சிரிக்கவில்லை.

"நானும் அந்த மாதிரி பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருக்கேன், மாப்ளே" என்றார்.

மாவு பூசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"எல்லாரும் செஞ்சவங்கதானே அத்தை? உங்க கணக்கு தப்பாதே."

"அப்படித்தான் நெனச்சேன்." கழுத்தைத் தடவிக்கொண்டார். "தண்ணி தர்றேன்னு நானும் சொல்லியிருக்கேன்."

ஈர மாவு என் கையில் இறுகிக்கொண்டு வந்தது. நல்ல கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் முறை. அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை.